கூனித்தீவு, சூடைக்குடா: வரைபடத்தில் துறைமுகம், பெயரில் கடல்

திருகோணமலை என்றால் துறைமுகம். சின்ன வயதிலிருந்து நாங்கள் படித்தது இதைத்தான். சமூகக்கல்வியிலும் அதே கதை, பல்கலைக்கழகத்துக்கு வந்து வரலாறு படித்தபோதும் அதே கதை. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1672இல் பிரெஞ்சுக் கப்பற்படை வந்து போனது. 1782இல் ஆங்கிலேயர் பிடித்து, அதே வருடமே பிரெஞ்சுக்காரரிடம் இழந்தார்கள். 1795இல் மறுபடி ஆங்கிலேயர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. இத்தனை திகதிகளையும் பாடமாக்கிப் பரீட்சையும் எழுதிவிட்டோம்.

ஆனால் இந்தக் கதை முழுவதிலும் ஒரு மீனவர்கூட வரவில்லை. இது எங்களுக்கு உறைத்தது ஒரு வகுப்பு முடிந்து கன்ரீனில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோதுதான். துறைமுகத்தின் எதிர்க்கரையில் பத்து வருடம் வீடு வாசல் இல்லாமல் கிடந்து திரும்பிவந்த கிராமங்கள் இருக்கின்றன, நாங்கள் ஒருதரும் அங்கே போனதில்லை என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். அடுத்த விடுமுறையில் நான்கு பேர் வெளிக்கிட்டோம்.

போன இடம் மூதூர் கிழக்கு. சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா, கடற்கரைச்சேனை, இலக்கந்தை என்று வரிசையாகக் கிராமங்கள். கூனித்தீவு பெயரில்தான் தீவு, தரை வழியாகவே போகலாம். ஆனால் போய்ப் பார்த்தால் அந்தப் பெயர் பொய்யில்லை என்று விளங்கும். ஒரு பக்கம் கொட்டியாரக் குடா, கிழக்கே வங்கக்கடல், தெற்கே உல்லைக்கழிக் களப்பு. மூன்று பக்கமும் தண்ணீர். நாலாவது பக்கம் மூதூருக்குப் போகிற றோட்டு. அந்த றோட்டை யாரும் அடைத்தால் முழுப் பிரதேசமும் தீவுதான். 2006இல் அதுதான் நடந்தது.

இப்போது திருகோணமலை ரவுணிலிருந்து மூதூர் போவது ஒரு பிரச்சினையே இல்லை. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளம். அதற்குப் பிறகு உப்பாறு, இறால்குழி, கங்கை என்று மற்றப் பாலங்களும் 2011இல் வந்தன. அதற்கு முன்னால் ஒவ்வொரு இடத்திலும் "பாதை" ஏற வேண்டும். கிழக்கில் பாதை என்றால் றோட்டு மட்டுமில்லை, வாகனங்களை ஏற்றி இழுத்துக்கொண்டு போகிற மிதவையும் பாதைதான். எங்கள் வீடுகளில் பெரியவர்கள் "பாதையில போறது" என்று சொல்லும்போது இரண்டில் எது என்று கேட்டுத்தான் அறிய வேண்டும். பாலங்கள் வந்தபிறகு அந்தச் சொல்லும் மெல்ல மறைகிறது.

பஸ்ஸில் போகும்போதே பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டு போனோம். இறால்குழி. பிறகு கூனித்தீவு. பிறகு சூடைக்குடா. கூனி என்பது மிகச் சின்ன இறால், காயவைத்துச் சம்பலுக்குப் போடுவது. சூடை என்பது கரையோரம் கூட்டமாக வரும் சின்ன மீன். பெயர்களை அப்படியே வாசித்தால் இறால் கிடக்கும் குழி, கூனி படும் தீவு, சூடை வரும் குடா. அதே குடாவை அட்மிரல்களும் கவர்னர்களும் வரைந்த வரைபடங்களில் இருப்பது ஆழம், நங்கூரம் போடும் இடம், பீரங்கி வைக்கும் முனை. ஒரே தண்ணீர்தான், கணக்கு வேறு. யார் வைத்த பெயர் என்று தெரியாத இந்த ஊர்ப் பெயர்களில்தான் இந்தக் குடாவின் இன்னொரு வரலாறு எழுதப்பட்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் யோசித்தோம்.

மூதூரைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த கதை றொபேட் நொக்ஸ். 1660இல் பாய்மரம் உடைந்த கப்பலைத் திருத்துவதற்காகக் கொட்டியாரத்தில் ஒதுங்கியவர். கண்டி அரசனின் ஆட்கள் அவரையும் கப்பல் தலைவரான அவருடைய தகப்பனாரையும் மற்றவர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் சிறையிருப்பிலேயே இறந்துபோக, மகன் பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு 1679இல் தப்பினார். 1681இல் இலங்கையைப் பற்றிப் புத்தகம் போட்டார். ஆங்கிலேயரின் ஒரு கப்பல் வந்து நின்றது கண்டி அரசனுக்கு உடனே தெரிந்திருக்கிறது, ஆள் அனுப்பிப் பிடிக்கவும் முடிந்திருக்கிறது. அந்தளவுக்குக் கொட்டியாரம் முக்கியமான துறை. மகாவலி கடலில் விழும் இடம் அது. ஒல்லாந்தர் காலத்திலும் அந்த முக்கியத்துவம் குறையவில்லை. 1786இல் திருகோணமலையில் அதிகாரியாக இருந்த வான் சென்டன் கொட்டியாரப் பற்றைச் சுற்றிப்பார்த்து நாட்குறிப்பே எழுதியிருக்கிறார்.

நொக்ஸ் பிடிபட்ட இடம் என்று சொல்லப்படும் புளியமரத்தடிக்கு நினைவுக்கல் உண்டு. பத்தொன்பது வருடம் வீட்டுக்குப் போக முடியாமல் இருந்த ஒரு வெள்ளைக்காரருக்குக் கல் வைத்திருக்கிறார்கள், நல்லது. அதே மண்ணில் பிறந்து ஒன்பது பத்து வருடம் வீட்டுக்குப் போக முடியாமல் இருந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அதற்கு ஒரு கல்லைக் காணவில்லை.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், எங்கள் வயதினர் பலருக்கு ஒழுங்காகத் தெரியாது.

சமாதானக் காலத்தில் சம்பூர்ப் பக்கம் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. 2006 ஏப்ரல் 25ஆம் திகதி கொழும்பில் இராணுவத் தலைமையகத்தில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அன்று பின்னேரமே மூதூர் கிழக்கில் குண்டு விழத் தொடங்கியது. சனம் உடுத்த உடுப்போடு ஓடியது. ஜூலையில் மாவிலாறு, ஓகஸ்டில் மூதூர். மூதூர் நகரத்து முஸ்லிம் மக்கள் கந்தளாய்ப் பக்கம் இடம்பெயர்ந்தார்கள். அதே ஓகஸ்டில்தான் மூதூரில் ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் பணியாளர்கள் 17 பேர் அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் தொடக்கத்தில் சம்பூரை அரச படைகள் கைப்பற்றின. ஓடிய சனம் ஈச்சிலம்பற்று, கதிரவெளி, வாகரை என்று போய், அங்கேயும் ஷெல் விழ, மட்டக்களப்புக்குப் போனது. நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளிப் பாடசாலையில் தங்கியிருந்தவர்கள் மேல் ஷெல் விழுந்து பலர் செத்துப்போனார்கள். 1990இலும் சம்பூர் சனம் இப்படி ஓடியிருக்கிறது. 2004இல் சுனாமி. ஒரே தலைமுறைக்கு இது எத்தனையாவது ஓட்டம்?

சண்டை முடிந்து மற்ற ஊர்க்காரர் திரும்பியபோது இவர்களால் திரும்ப முடியவில்லை. 2007 மே மாதம் மூதூர் கிழக்கும் சம்பூரும் உயர் பாதுகாப்பு வலயம் என்று வர்த்தமானியில் வந்தது. அதற்கு எதிரான அடிப்படை உரிமை மனுவும் எடுபடவில்லை. பிறகு வலயம் சுருங்கியது, ஆனால் காணி வேறு வேலைகளுக்குப் போனது. இந்தியாவின் என்.ரி.பி.சி நிறுவனமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாற் நிலக்கரி அனல் மின் நிலையம் கட்டுவதென்று திட்டம். 2012இல் 818 ஏக்கர் பாரிய கைத்தொழில்களுக்கான விசேட வலயமாக அறிவிக்கப்பட்டது. இன்னொரு 237 ஏக்கரில் கடற்படை முகாம். காணிச் சொந்தக்காரர்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் தகரக் கொட்டிலுக்குள் இருந்தார்கள்.

2015இல் ஆட்சி மாறியது. மே மாதம் 818 ஏக்கருக்கான வர்த்தமானியை ஜனாதிபதி இரத்துச் செய்தார். வழக்குப் போனது, இடைக்காலத் தடை வந்தது, ஜூலையில் தடை நீங்கியது, ஓகஸ்டில் காணி கையளிக்கப்பட்டது. 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த காணியிலும் பெரும்பகுதி விடப்பட்டது, சம்பூர் மகா வித்தியாலயமும் அதற்குள்தான் இருந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் அனல் மின் நிலையம் கட்டப்படாது என்று அரசாங்கம் உயர் நீதிமன்றத்தில் சொன்னது. இதோடு சம்பூர்க் கோப்பு மூடப்பட்டது. பத்திரிகையிலும் "சம்பூர் மீள்குடியேற்றம்" என்ற தலைப்பு காணாமல்போனது.

நாங்களும் அந்தத் தலைப்போடுதான் போனோம். இருபத்துநான்கு கேள்விகள். "மீள்குடியேற்றத்துக்குப் பின்னரான வாழ்வாதாரம்" என்று மேலே எழுதியிருந்தோம். கூனித்தீவில் ஒரு அம்மா வாசலில் இருந்து வலைத்துண்டு பிரித்துக்கொண்டிருந்தார். வணக்கம் சொல்லி, பல்கலைக்கழகத்திலிருந்து வாறம், மீள்குடியேறினவையோட கதைக்க வந்தனாங்கள் என்று தொடங்கினோம்.

"முதல்ல இருங்கோ பிள்ளையள். தண்ணி குடிச்சிட்டுக் கதையுங்கோ" என்றார். குடித்து முடித்தபிறகு சொன்னார்: "நாங்க குடியேற வரல்ல. வீட்ட வந்தனாங்க."

கேள்வித்தாளை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டோம்.

அவருடைய வீட்டுக்காரர் கடற்தொழிலாளி. அந்த ஐயாதான் எங்களைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாடைக் காலம் முடிந்து கடல் தணிந்திருந்தது. எதிரே மங்கலாகத் திருகோணமலை. நான்கைந்து ஃபைபர் போட் கரையில் இழுத்துப் போட்டிருந்தது. முன்னம் இங்கே கரைவலை இழுக்க எத்தனை பேர் நிற்பார்கள் என்று கை நீட்டிக் காட்டினார். கரைவலைக்குப் "பாடு" உண்டு. பாடு என்றால் இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரைக்கும் இன்னாருக்கு வலை வளைக்க உரிமை என்பது. அரசாங்கப் பதிவும் வேண்டும், ஊரின் ஒப்புதலும் வேண்டும். எந்த நாள் யாருடைய முறை, பிடிபட்டதில் சம்மாட்டிக்கு எவ்வளவு, இழுத்தவர்களுக்கு எவ்வளவு, எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. ஒரு ஊர் கலைந்தால் இந்தக் கணக்கும் கலையும். வீட்டுக் காணிக்கு உறுதி இருந்தால் நீதிமன்றத்துக்குப் போகலாம். தகப்பன் வளைத்த கடலுக்கு என்ன உறுதி காட்டுவது?

இன்னொரு விஷயத்தையும் அவர் சொன்னார். இதை நாங்கள் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. நடுக்கடலில் மீன் கூடும் கல்லுப் பாரை எங்கே இருக்கிறது என்பதைப் பழைய ஆட்கள் கரையைப் பார்த்துத்தான் பிடிப்பார்கள். கோயில் கூரை பெரிய பனையோடு சேர்ந்து தெரிய வேண்டும். இந்தப் பக்கம் மலை அந்த வீட்டு மாமரத்துக்கு நேரே வர வேண்டும். இரண்டு கோடும் சந்திக்கும் இடத்தில் நங்கூரம் போட்டால் கீழே கல். அவ்வளவுதான். பத்து வருடத்துக்குப் பிறகு போட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தால் பனையைக் காணவில்லை, வீட்டைக் காணவில்லை, மாமரத்தைக் காணவில்லை. எல்லாம் டோசர் போட்டுத் தட்டையாக்கியிருந்தது.

"கல்லு அங்கதான் கிடக்கு. எங்களுக்கு அத எடுக்கத் தெரியல்ல" என்று சிரித்தார். சிரிக்கக்கூடிய விஷயமா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

வீடு இடிந்தால் நட்ட ஈடு கேட்கலாம், படிவம் இருக்கிறது. கரையில் ஊரை இடித்தபோது கடலுக்குள்ளும் இடிந்தது. அதற்கு எந்தப் படிவத்தில் நிரல் இருக்கிறது?

இப்போது ஜி.பி.எஸ். இருக்கிறதே என்று எங்களில் ஒருவன் கேட்டான். இருக்கிறது, இளம் ஆட்கள் போனில் பார்க்கிறார்கள். ஆனால் ஜி.பி.எஸ். ஒரு இடத்தை ஞாபகம் வைத்திருக்க, முதலில் அந்த இடத்தை யாராவது போய்க் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். கண்டுபிடித்துக் கொடுக்கக்கூடிய கிழவர்கள் பலர் முகாமிலேயே காலமாகிவிட்டார்கள்.

பின்னேரம் எங்கள் வயதுப் பெடியன் ஒருவனோடு கதைத்தோம். இடம்பெயரும்போது மூன்று வயது, திரும்பி வரும்போது பன்னிரண்டு. வளர்ந்தது முகாமில், வயல் பக்கத்தில். "எங்கட ஊர் கடற்கரை எண்டு அம்மா சொல்லுவா. நான் நினைச்சன் சும்மா கதை எண்டு" என்றான். நீச்சலே இங்கே வந்துதான் பழகினானாம். இப்போது ரவுணில் மேசன் வேலைக்குப் போகிறான், வெளிநாடு போக முயற்சி செய்கிறான். கடலுக்குப் போக விருப்பமில்லையா என்று கேட்டோம். விருப்பமில்லை என்றில்லை, கட்டாது என்றான்.

அந்தக் "கட்டாது" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. சின்னப் போட்டுகளின் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது. விலை பிறகு கூடிக் குறைந்தாலும் பழைய இடத்துக்கு வரவேயில்லை. இதற்கு எதிரே, குடாவின் மற்றப் பக்கத்தில், பிரித்தானியர் தங்கள் கப்பல்களுக்காகக் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. 2022 ஜனவரி ஒப்பந்தத்தின்படி 14 தாங்கி இந்திய நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இருவரும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. எண்ணெய்க்குப் பெயர்போன துறைமுகத்தின் கரையில் இருந்துகொண்டு ஐந்து லீற்றர் எண்ணெய்க்குக் கணக்குப் பார்க்கும் மீனவர். துறைமுக வரலாற்றில் மீனவர் ஏன் இல்லை என்ற எங்கள் கேள்விக்கு ஒரு பதில் இதற்குள்ளேயே கிடக்கிறது. அந்த வரலாறு எப்போதும் வெளியே போகிற கப்பலுக்கானது.

எண்ணெய் விலை மட்டும் காரணமில்லை. சுருக்குவலைக்காரர் கரைக்குக் கிட்டவே வந்து அள்ளிக்கொண்டு போவது, வெடி போட்டுப் பிடிப்பது என்று ஐயா அடுக்கிக்கொண்டே போனார். இதில் ஆட்களைத் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று பிரித்துச் சொல்வது சுலபம். அவர் அப்படிச் சொல்லவில்லை. "எங்கட ஆக்களும் செய்யிறாங்கதான்" என்றார். இதை எழுதாமல் விட்டால் நாங்கள் போனதற்கு அர்த்தமில்லை.

இன்னொரு சமூகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சந்தோசபுரம், நல்லூர், இலக்கந்தைப் பக்கம் இருப்பவர்கள் கரையோர வேடர் வழிவந்தவர்கள். 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் வேடர் பற்றிய நூலிலேயே கிழக்குக் கரையோர வேடருக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. தமிழ் பேசுகிறவர்கள். தேன், காடு, களப்பில் மீன், மட்டி என்று வாழ்ந்தவர்கள். அவர்களும் 2006இல் ஓடினார்கள், திரும்பினார்கள். ஆனால் காடு என்பது பாவித்த இடம், பத்திரம் வைத்திருந்த இடமில்லை. இடம்பெயர்வுக் கணக்கில் பத்திரம் உள்ளவன் முதலில், இல்லாதவன் கடைசியில். சம்பூரைப் பற்றி எழுதுகிற நாங்களும் அவர்களைக் கடைசிப் பந்தியில்தான் நினைக்கிறோம். இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான் வந்திருக்கிறது.

திரும்பி வரும் வழியில் எங்களுக்குள் வாக்குவாதம். ஒருத்தி சொன்னாள், எப்படியோ திரும்பிவந்துவிட்டார்களே, அது வெற்றிதானே, எல்லாவற்றையும் சோகமாகவே எழுத வேண்டுமா என்று. அவள் சொன்னதிலும் ஞாயம் இருக்கிறது. முகாமில் உட்கார்ந்துகொண்டு மாற்றுக் காணி வேண்டாம், எங்கள் ஊர்தான் வேண்டும் என்று ஒன்பது வருடம் பிடித்த பிடியில் நின்றது சின்ன விஷயமில்லை. வடக்கில் இரணைதீவு மக்களும் 1992இல் இடம்பெயர்ந்து, 2017 மே முதல் போராடி, 2018 ஏப்ரல் 23ஆம் திகதி தாங்களே படகுகளில் ஏறிப்போய்த் தங்கள் தீவில் இறங்கினார்கள். அனுமதி வரட்டும் என்று இருந்திருந்தால் இன்னும் கரையிலேயே நின்றிருக்கக்கூடும். ஆகவே வந்ததை வெற்றி என்றே சொல்லலாம். ஆனால் வந்த நாளோடு கதை முடியவில்லை. கோப்பு முடிந்ததற்கும் கதை முடிந்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது. வரலாறு படிக்கிறவர்கள் கோப்பை மட்டும் வைத்து எழுதினால் 2016இல் முற்றுப்புள்ளி வைத்துவிடுவோம்.

கோப்பும் முழுக்க மூடப்படவில்லை. நிலக்கரி போன இடத்துக்குச் சூரிய மின்சாரம் வந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் கொழும்பிலிருந்தபடியே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின் திட்டத்தை ஆரம்பித்து வைத்தார்கள். நிலக்கரிக்குச் சூரியன் எவ்வளவோ மேல், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. கேள்வி வேறு. ஊரின் பெயர் சர்வதேசச் செய்தியில் வருகிறது, ஊர்ச்சனம் அதில் எங்கே வருகிறது? அதே வருடம் ஜூலையில் சம்பூர்க் கடற்கரையோரம் கண்ணிவெடி அகற்றும்போது மனித எலும்புகள் கிடைத்தன. மண்ணுக்கு மேலே என்ன கட்டினாலும் கீழே என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டிய ஊர் இது.

நாங்கள் ஆராய்ச்சி ஒன்றும் செய்துவிடவில்லை. இரண்டு நாள் போய்ச் சாப்பிட்டுக் கதைத்துவிட்டு வந்தோம். வரும்போது அந்த அம்மா ஒரு பேப்பரில் கூனி சுற்றித் தந்தார். காசு கொடுக்கப் போக, கோபித்துக்கொண்டார். ஹொஸ்டலில் சம்பல் அடித்துச் சாப்பிட்டோம்.

அடுத்த முறை போகும்போது கேள்வித்தாள் கொண்டுபோவதில்லை என்று முடிவு. ஒரு பெரிய கடதாசியும் பென்சிலும் கொண்டுபோகப் போகிறோம். கடலுக்குப் போன கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எந்தப் பனை, எந்தக் கோயில், எந்த மாமரம், எந்தக் கல் என்று அவர்கள் சொல்லச் சொல்ல அந்தப் பெடியனைக் கொண்டே கீறுவிக்க வேண்டும். பனை இல்லாவிட்டாலும் பனை நின்ற இடம் தெரியும்தானே. திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஒல்லாந்தர் கீறிய வரைபடம் இருக்கிறது, ஆங்கிலேயர் கீறியது இருக்கிறது. கூனித்தீவார் கீறியது இன்னும் இல்லை.

கூட வர விருப்பமானவர்கள் சொல்லுங்கள். பாலம் போட்டிருக்கிறது, பாதை ஏறத் தேவையில்லை.